அவர் வந்தார், அவள் வந்தாள்

கேள்வி (ஜனவரி 6)

"சமீபத்தில் படித்த கதைகளில் பெண்கள் நிறையப் பேசுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் கணவனையோ அண்ணனையோ மேலதிகாரியையோ நிற்க வைத்து ஒரு பக்கத்துக்கு விளாசுகிறார்கள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பேசுவதெல்லாம் நியாயம்தான். ஆனால் புத்தகத்தை மூடியதும் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவில் நிற்பதில்லை. பெண்ணியம் கதைக்குள் வந்தால் பாத்திரம் ஏன் அட்டையாகிவிடுகிறது? இல்லை, என் வாசிப்புதான் பழசாகிவிட்டதா?"

ஜனவரி 7

வாசிப்பு பழசாகவில்லை. பெண்ணியத்தின் மேலும் குற்றமில்லை. தன்னம்பிக்கையைக் கொண்டுபோய் வாயில் வைக்கிறோம், கோளாறு அங்கே. பேசினால் தைரியசாலி, பேசாவிட்டால் அடிமை என்று ஒரு கணக்கு வந்துவிட்டது. எழுதுகிறவர்களும் அந்தக் கணக்கை நம்பி, முந்நூறு பக்கம் அவளை அழவைத்து, கடைசிப் பத்துப் பக்கத்தில் பேசவைக்கிறார்கள். முந்நூறு பக்கமாக இல்லாத ஒன்று முந்நூற்றொன்றாம் பக்கத்தில் எங்கிருந்து வரும்? அதனால்தான் உங்களுக்கு ஒட்டவில்லை.

நான் பன்னிரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன். கதையும் நாவலும்தான் அதிகம். இந்த வேலையில் கதையைக் கதையாகப் படிக்க முடியாது. எழுத்தெழுத்தாக, விகுதி விகுதியாகத்தான் கண் போகும். அப்படிப் போகும்போது வாசகருக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியும்.

போன வருஷம் வந்த ஒரு நாவலில் கதாநாயகி நீதிபதி, நாற்பத்தெட்டு வயது. முதல் அத்தியாயத்தில் அவள் நீதிமன்றத்துக்குள் நுழைகிறாள். ஏறக்குறைய இப்படி இருந்தது: வக்கீல்கள் எழுந்து நின்றார்கள். அவள் உட்கார்ந்தாள். அரசு வக்கீல் வாதத்தைத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். குமாஸ்தா கேஸ் கட்டை நீட்டினார். அவள் வாங்கினாள்.

அந்த அறையிலேயே உயரமான நாற்காலியில் இருப்பவளுக்கு மட்டும் 'ஆள்' விகுதி. கட்டை நீட்டுகிறவர் வரை மற்ற எல்லோருக்கும் 'ஆர்' விகுதி. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன்.

எழுதியவரும் பெண்தான். என்னைவிட மூத்தவர், நல்ல எழுத்தாளர். போன் செய்தார். "கதாநாயகியை அவர்னு எழுதினா வாசகருக்கு ஒட்டாதும்மா. ஏதோ வாழ்த்து மடல் மாதிரி ஆயிடும்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சரிங்கம்மா என்று வைத்துவிட்டேன். ஆனால் அதே நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்த நீதிபதி கணவரிடம் ஒரு பக்கம் சமத்துவம் பேசுகிறாள். கணவரின் ஒவ்வொரு அசைவுக்கும் 'அவர்', 'அவர்'. அந்தப் பேச்சு ஏன் எடுபடவில்லை என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது.

ஜனவரி 8

நேற்று எழுதியதில் பாதி தப்பு.

'அவள்' என்பதே மரியாதைக் குறைவு என்பதுபோல் எழுதிவிட்டேன். கதை சொல்லும்போது ஆண் பாத்திரத்தையும் 'அவன்' என்றுதான் எழுதுகிறோம். 'அவன்', 'அவள்' என்றால் கதை சொல்பவர் அந்த ஆளின் தோள்பக்கம் நிற்கிறார் என்று அர்த்தம். 'அவர்' என்றால் நாலடி தள்ளி நிற்கிறார். அந்த அம்மா ஒட்டாது என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பார்க்க வேண்டியது ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறு என்று போகும் இடத்தை. நான் அடிக்கடி பார்ப்பது இது: காதலிக்கும்வரை "அவன் சிரித்தான்". கல்யாணம் முடிந்த அத்தியாயத்திலிருந்து "அவர் சிரித்தார்". ஆள் அதே ஆள், சிரிப்பும் அதே சிரிப்பு. அவள் மட்டும் முன்பும் பின்பும் 'அவள்'. சொல்லப்போனால் கல்யாணம் அவனுக்கு ஒரு விகுதி உயர்வைக் கொடுக்கிறது. எழுதுகிறவர் இதை யோசித்துச் செய்வதில்லை. கை பழகிப்போய்ச் செய்கிறது. அதனால்தான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. யோசித்து எழுதும் வசனத்தில் எல்லோரும் பெண்ணியவாதிதான். யோசிக்காமல் விழும் விகுதியில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஜனவரி 11

பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1879ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் நாவல் என்று நாம் படிக்கும், வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அந்த வருஷம் அச்சாகிறது. அதே வருஷம் நார்வேக்காரர் இப்சனின் பொம்மை வீடு நாடகம் வருகிறது. ஒருவருக்கு மற்றவரைத் தெரிந்திருக்க வழியே இல்லை. வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு விக்கிரமபுரியில் அரசாட்சி நடத்துகிறாள். இப்சனின் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். ஆண் உடை, இல்லையென்றால் வாசற்கதவு. கதைகளில் பெண்ணின் தைரியத்துக்கு இந்த இரண்டு வழிதான் இன்றைக்கும் அதிகம் புழங்குகிறது. ஆணைப் போலத் துப்பாக்கி பிடிக்கிற போலீஸ் அதிகாரி ஞானாம்பாளின் பேத்தி. உங்கள் பைக்காரி நோராவின் பேத்தி.

ஞானாம்பாளை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெண் படிப்பதா என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்த காலத்தில், கணவனைவிடப் புத்திசாலியாக ஒரு மனைவியை முதல் நாவலிலேயே கொண்டுவந்தது பெரிய காரியம். அவள் நன்றாகவே ஆள்கிறாள். ஆனால் ஆள்வதற்கு வேடம் வேண்டியிருக்கிறது.

நோராவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவளைக் காப்பியடிக்கிறவர்கள் கதவை மட்டும் காப்பியடிக்கிறார்கள். முதல் அங்கத்தில் அவள் தன் சிநேகிதியிடம் ஒரு ரகசியம் சொல்கிறாள். கடன் அடைப்பதற்காகப் போன பனிக்காலத்தில் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலை வாங்கி, அறையைப் பூட்டிக்கொண்டு ராத்திரி வெகுநேரம் வரை எழுதியிருக்கிறாள். களைப்பாக இருந்தாலும் உட்கார்ந்து வேலை செய்து காசு சம்பாதித்தது சந்தோஷமாக இருந்தது, ஆணாக இருப்பதுபோல இருந்தது என்கிறாள். கணவன் அவளை அணிலே, வானம்பாடியே என்று கொஞ்சிக்கொண்டிருக்கும் அதே வீட்டில் இது நடந்திருக்கிறது. கடைசியில் சாத்தும் கதவை அவள் முதலில் சாத்திப் பழகியது அந்தப் பிரதி எடுக்கும் அறையில்தான். நமது கதைகளில் அந்த அறை இல்லை.

இன்னொன்று. மேடையேற்றம் ஜெர்மனிக்குப் போனபோது, அங்கே நோராவாக நடிக்க இருந்த நடிகை, குழந்தைகளை விட்டுவிட்டு நான் போக மாட்டேன் என்று அந்த முடிவை நடிக்க மறுத்தார். வேறு யாரோ மாற்றி எழுதிவிடப் போகிறார்கள் என்று இப்சனே 1880ல் ஒரு மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். கணவன் நோராவைத் தூங்கும் குழந்தைகளின் அறை வாசலுக்கு இழுத்துப் போக, அவள் துவண்டு விழுந்து தங்கிவிடுகிறாள். தன் கையாலேயே எழுதிய அந்த முடிவை அவர் காட்டுமிராண்டித்தனம் என்று சொன்னார். வாசகருக்காக முடிவை மாற்றச் சொல்லும் பதிப்பாளர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நிஜப் பெண்ணால் அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அந்த நடிகையைக் கோழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 12

"அப்படியானால் சம்பாதித்தால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார்.

இல்லை. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929ல் எழுதினார், கதை எழுத நினைக்கும் பெண்ணுக்குச் சொந்தமாகப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என்று. வருஷத்துக்கு ஐந்நூறு பவுண்டு என்று தொகையே சொன்னார். அது எழுதுவதற்குக் குறைந்தபட்சம். அது கிடைத்துவிட்டால் உள்ளே எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு நானே சாட்சி சொல்ல முடியாது.

என் முதல் சம்பளத்தில் ஒரு பெரிய அகராதி வாங்கினேன். இந்த வேலைக்கு அது இல்லாமல் முடியாது. சொந்தக் காசு, தேவையான பொருள், யாரும் திட்டப் போவதில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்ததும், "என்ன இது?" என்று கேட்டபோது, "ஆபீஸ்ல குடுத்தாங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. யோசிக்கவே இல்லை. பொய் தானாக வந்து நின்றது. இரண்டு வருஷம் அந்த அகராதியின் முதல் பக்கத்தில் என் பெயர் எழுதவில்லை, ஆபீஸ் புத்தகத்தில் பெயர் எழுதக் கூடாதே. பிறகு ஒரு நாள் எழுதினேன். யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கை நடுங்கியது.

இப்படி ஒரு காட்சியை ஏன் யாரும் எழுதுவதில்லை? சம்பாதிக்கிறாள், ஆனால் வாங்கியதை மறைக்கிறாள். இதை ஒரு கதையில் படித்தால் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு மறக்காது.

ஜனவரி 15

புதுமைப்பித்தனின் சாப விமோசனத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு போகாது. 1943ல் எழுதினார். கல்லாகக் கிடந்த அகலிகை ராமன் கால் பட்டு எழுந்த பிறகு என்ன ஆகிறாள் என்பதுதான் கதை. எழுந்துவிட்டாள், ஆனால் பார்க்கிற பார்வையெல்லாம் குத்துகிறது. பிறகு சீதை வருகிறாள். ராமன் கேட்டதால் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அகலிகையால் அதைத் தாங்க முடியவில்லை. மறுபடி கல்லாகிவிடுகிறாள்.

பத்தொன்பது வயதில் இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. பேசியிருக்க வேண்டாமா, போய் ராமனைக் கேட்டிருக்க வேண்டாமா, கல்லாவது தோல்விதானே என்று. முப்பத்தைந்தில் படித்தபோது அது மறுப்பாகத் தெரிந்தது. நீ கொடுத்த விமோசனம் எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள் என்கிறாள். பல வருஷம் கூட்டங்களில் அப்படித்தான் பேசினேன்.

இந்த வாரம் திரும்பப் படித்தேன். இப்போது இரண்டும் இல்லை என்று தோன்றுகிறது. அவளுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை ராமனின் நேர்மை மேல் இருந்த நம்பிக்கையோடு கோத்திருந்தது. அவன் எனக்கு நியாயம் செய்தான், எனவே நான் குற்றவாளி இல்லை. அந்த மனிதனே தன் மனைவிக்கு நியாயம் செய்யவில்லை என்றதும் கோத்த கயிறு அறுந்து இரண்டும் சேர்ந்து விழுகின்றன. தன்னம்பிக்கையைத் 'தன்' மேல் வைக்கும் நம்பிக்கை என்றே பிரித்துப் பழகிவிட்டோம். அதற்குள் அடுத்தவர் வாக்கின் மேல் வைத்த நம்பிக்கையும் இருக்கிறது. அது உடைந்தால் இதுவும் உடையும் என்று எண்பது வருஷத்துக்கு முன்பே ஒரு கதை காட்டியிருக்கிறது.

ஜனவரி 15, இரவு

அகலிகை பேசியது மிகக் குறைவு. ஆனாலும் அவள் முகம் மறக்கவில்லை.

ஜனவரி 19

அடுத்தவர் வாக்கு என்று எழுதியதிலிருந்து ஜெயகாந்தன் நினைவாகவே இருக்கிறது. அவர் செய்த பரிசோதனையை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

1966ல் ஆனந்த விகடனில் அக்கினிப் பிரவேசம் வருகிறது. மழையில் காரில் ஏற்றிக்கொண்டுபோன ஒருவனால் கெடுக்கப்பட்டு ஒரு கல்லூரிப் பெண் வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் பதறுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை முடிகிறது. வாசகர்களிடமிருந்து கண்டனம் குவிந்தது. 1970ல் நாவல் வருகிறது, சில நேரங்களில் சில மனிதர்கள். அதே பெண், அதே மழை, அதே கார். இந்த முறை அம்மா அலறிவிடுகிறாள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். அந்த ஒரே ஒரு மாற்றத்திலிருந்து ஒரு முழு நாவல். அதுவும் நாவலுக்குள்ளேயே, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய சிறுகதையாக அந்த முதல் கதை வருகிறது, நாவலின் பெண் கங்கா அதைப் படிக்கிறாள். தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய அம்மாவை அச்சில் பார்க்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். கங்கா படித்தவள், நல்ல வேலையில் இருப்பவள், யார் தயவும் இல்லாமல் வாழ்பவள். நாம் பட்டியல் போடும் தன்னம்பிக்கைக்கு எது வேண்டுமோ எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு ஒரு செம்புத் தண்ணீர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பாரம் நாவல் முழுக்க வருகிறது. ஒரு பெண்ணின் நிமிர்வை அவள் உடம்பில் மட்டும் தேடினால் கிடைக்காது என்று எனக்குச் சொல்லித் தந்தது இந்த இரண்டு அம்மாக்கள்தான்.

ஜனவரி 20

"நீங்கள் இதுவரை பெயர் சொன்ன ஐந்து பேரில் நான்கு பேர் ஆண்கள்" என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். உண்மை. ராத்திரி தூக்கம் வரவில்லை. பெண்ணின் தன்னம்பிக்கைக்குச் சான்று தேடும்போதே ஆண்கள் எழுதியது எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது என்றால், பாடப்புத்தகத்திலிருந்து என் தலைக்குள் போன வரிசை அது. அதை நான் இன்னும் கலைக்கவில்லை.

வை.மு. கோதைநாயகியை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 1901ல் பிறந்தவர். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம். பள்ளிக்கூடம் போகவில்லை. மனதுக்குள் கதை ஓடுகிறது, எழுதத் தெரியாது. என்ன செய்தார்? தோழி பட்டம்மாளை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அப்படி வந்ததுதான் இந்திரமோகனா என்ற நாடகம், 1924ல். அடுத்த வருஷமே ஜகன்மோகினி பத்திரிகையைக் கையில் எடுத்தார். மொத்தம் நூற்றுப் பதினைந்து நாவல்கள்.

அவருடைய நாவல்களின் பெண்களைவிட அந்த அறையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஒருத்தி சொல்கிறாள், ஒருத்தி எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரியாது என்பதை எனக்குக் கதை வராது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம்மாளும் உனக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்கவில்லை. நேற்று எழுதிய தண்ணீர்ச் செம்பு இங்கே பேனாவாக இருக்கிறது.

அதே நாளில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் ப. சிவகாமியின் பழையன கழிதலும் என்ற நாவல் 1989ல் வந்தது. தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவல் என்று சொல்லப்படுவது. சில வருஷம் கழித்து அவரே அந்த நாவலைத் திரும்ப எடுத்து, எழுதியது சரியா, எதை விட்டேன், யாரை எப்படிக் காட்டினேன் என்று விசாரித்து ஆசிரியர் குறிப்பு என்று தனியாக எழுதினார். பாராட்டு வாங்கிய தன் புத்தகத்தைத் தானே கேள்வி கேட்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்! சந்தேகப்படாமல் இருப்பதுதான் தன்னம்பிக்கை என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

ஜனவரி 26

இனி என் கதை.

ஏழெட்டு வருஷம் முன்பு ஒரு சிறுகதை எழுதினேன். அலுவலகக் கூட்டம் நடக்கிறது. தான் செய்த வேலையை மேலாளர் தன் பெயரில் சொல்லிக்கொள்வதைக் கேட்டு ஒரு பெண் எழுந்து பேசுகிறாள். முக்கால் பக்கம் வசனம். எழுதி முடித்ததும் எனக்கே சிலிர்த்தது. கூட வேலை பார்த்த ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் கதையெல்லாம் அதிகம் படிக்க மாட்டார். சத்தம் போட்டுப் படித்தார். வசனம் முடிந்ததும் தாளை இறக்கிவிட்டுக் கேட்டார்:

"இவ இவ்வளவு பேசி முடிக்கிற வரைக்கும் அந்த ஆளு என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?"

என்னிடம் பதில் இல்லை. அவன் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் அவன் வாயைக் கட்டியிருந்தேன். "நாலாவது வார்த்தையில குறுக்க வந்திருப்பாம்மா. நம்மள யாரு முழுசாப் பேச விட்டாங்க?" என்றார் அக்கா.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நிஜக் கூட்டம். அக்காவே ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார். இடையில் ஒருவர் பேசத் தொடங்கினார். அக்கா நிறுத்தினார். ஆனால் ஆள்காட்டி விரலை மட்டும் தாளில் அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை. அந்த மனிதர் இரண்டு நிமிஷம் பேசினார். வேறு ஒருவர் சிரித்தார். பேச்சு எங்கெங்கோ போனது. விரல் அங்கேயே இருந்தது. சத்தம் அடங்கியதும், விட்ட வார்த்தையிலிருந்து இல்லை, வாக்கியத்தின் முதல் வார்த்தையிலிருந்து மறுபடி தொடங்கினார். குரல் உயரவில்லை. மறுபடி குறுக்கே வந்தார்கள். மறுபடி விரல். மூன்றாம் முறை அந்த வாக்கியம் முற்றுப்புள்ளி வரை போனது.

நான் என் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். முக்கால் பக்க வசனம் ஒரே வாக்கியமாகச் சுருங்கியது. அது மூன்று முறை தொடங்கி ஒரு முறை முடிகிறது. படித்தவர்கள் அந்தக் கதையில் வேறு எதை மறந்தாலும் விரலை மறக்கவில்லை.

தன்னம்பிக்கை என்று நான் எழுத விரும்புவது இதைத்தான். வெட்டப்பட்ட வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்குவது. அதற்கு எதிரே வெட்டுகிறவன் நிஜமாக இருக்க வேண்டும், வெட்டு வலிக்க வேண்டும்.

பிப்ரவரி 2

"அவள் வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள் என்று முன்பு ஒரு கூட்டத்தில் சொன்னீர்களே" என்று ஒருவர் நினைவூட்டுகிறார். ஆமாம், சொன்னேன். ஒரு நாவலின் ஒரு அத்தியாயத்தில் அவளுக்கு வரும் வினைகளையெல்லாம் பென்சிலால் கோடிட்டுப் பார்த்திருக்கிறேன். நினைத்தாள், தயங்கினாள், உணர்ந்தாள், ஏங்கினாள், விம்மினாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனுக்கு: திறந்தான், கேட்டான், வாங்கினான், முடித்தான், கிளம்பினான். அதைக் காட்டி, பாருங்கள், இவளுக்குக் கையும் காலும் இல்லை என்று சொன்னேன்.

இப்போது அதை அப்படியே சொல்ல மாட்டேன். நினைப்பதும் ஒரு செயல்தான். அத்தியாயம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிற பெண்ணை எழுதி வாசகரை அசைய விடாமல் வைக்க முடியும். கேட்க வேண்டியது, அவள் எதை நினைக்கிறாள் என்று. அவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தால், அந்த ஜன்னலும் அவனுடையதுதான்.

தைரியசாலியைக் காட்டவும் தயார்ச் சொற்கள் வந்துவிட்டன. பாரதி ஒரு காலத்தில் புதுசாகக் கொடுத்த நேர்கொண்ட பார்வையை எத்தனை புரூஃபில் பார்த்திருப்பேன்! அவள் அவனை நேர்கொண்ட பார்வை பார்த்தாள். பார்த்து? அடுத்த வரியில் ஒன்றும் இல்லை. அக்காவின் கண் எங்கே பார்த்தது என்று எனக்கு நினைவே இல்லை. தாளைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 3

பெண்ணியக் கதையில் கெட்டவள் இருக்கலாமா, கோழை இருக்கலாமா என்று கேட்டவருக்கு: இருக்க வேண்டும். பொய் சொல்பவள், சோம்பேறி, பொறாமைக்காரி, பணத்தாசை பிடித்தவள் எல்லாரும் வர வேண்டும். ஆண் பாத்திரங்களுக்கு இந்தச் சுதந்திரம் எப்போதும் இருந்தது. ஒருவன் திருடனாக வந்தால் ஆண் குலத்துக்கே இழுக்கு என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. எல்லாப் பெண்ணையும் முன்மாதிரியாக்கியே தீர வேண்டும் என்றால் அது பழைய பதிவிரதைக் கதையின் மறு அச்சு. குணங்களின் பட்டியல்தான் மாறியிருக்கிறது.

பெக்டெல் சோதனை பற்றியும் கேட்டிருந்தார். அலிசன் பெக்டெல் 1985ல் ஒரு சித்திரக்கதையில் வைத்தது. கதையில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் இருக்க வேண்டும். சினிமாவுக்காகச் சொன்னது, கதைக்கும் பொருந்தும். நாவல்களில் பெண்ணுக்குப் பெண் சிநேகம் என்பதே அரிதாக இருக்கிறதே என்று வுல்ஃபும் அதே 1929 புத்தகத்தில் கேட்டிருந்தார்.

என் கதைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். விரல் கதை உட்பட மூன்று கதைகள் தேறவில்லை. விரல் கதையில் பேசுகிறவளைத் தவிர வேறு பெண்ணே இல்லை. நிஜக் கூட்டத்தில் நான் இருந்தேன், அக்காவின் பக்கத்து நாற்காலியில். கதை எழுதும்போது என்னை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவர் மூன்று முறை தொடங்கியபோது மூன்று முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. "அவங்க முடிக்கட்டும்" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். ஜனவரி 19ல் அந்த அம்மாவைப் பற்றி அவ்வளவு எழுதினேன். அந்தச் செம்பு அன்றைக்கு என் கையில் இருந்தது. பக்கத்து நாற்காலியையும் சேர்த்து அந்தக் கதையை மூன்றாம் முறை எழுதப் போகிறேன்.

பிப்ரவரி 9

முதல் நாள் சொன்ன நீதிபதி நாவலின் இரண்டாம் புரூஃப் வந்தது.

பிரித்ததும் திக்கென்றது. அந்த அம்மா என் கேள்விக்குறியை மனதில் வைத்திருந்திருக்கிறார். நாவல் முழுக்க 'அவள்' எல்லாவற்றையும் 'அவர்' ஆக்கிவிட்டார். நீதிபதி எழுந்தார், அழுதார், கண்ணாடி முன் நின்று நரைமுடியைத் தேடினார். பத்துப் பக்கம் படித்தேன். அவர் சொன்னதுபோலவே வாழ்த்து மடலாக இருந்தது. நரைமுடி தேடும் இடத்தில் முன்பு எனக்குத் தொண்டை அடைத்தது, இப்போது யாரோ ஒரு பெரிய மனுஷியைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

நானே போன் செய்தேன். தப்பாகக் கேட்டுவிட்டேன், அவளை அவளாகவே விடுங்கள், கணவரையும் வக்கீலையும் குமாஸ்தாவையும் 'அவன்' ஆக்க முடியுமா பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "புருஷனை அவன்னு எழுதி எனக்குப் பழக்கமே இல்லம்மா" என்றார். பிறகு, "எழுதிப் பாக்கறேன்" என்றார்.

மூன்றாம் புரூஃப் நேற்று வந்தது. எல்லா இடத்திலும் 'அவன்', 'அவள்'. நீதிமன்றக் காட்சி முதல் வரியிலிருந்தே வேறு மாதிரி இருக்கிறது. வக்கீல்கள் எழுந்து நிற்பது அவளுக்காகத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. கடைசி அத்தியாயப் பேச்சை அவரே பாதியாகக் குறைத்திருக்கிறார், நான் கேட்கவில்லை.

ஒரே ஓர் இடம் மாறவில்லை. நீதிபதியின் எட்டு வயது மகள், பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா பற்றிச் சொல்லச் சொன்னபோது எழுந்து நின்று சொல்கிறாள்: "அப்பா வந்தார். அம்மா வந்தாள்."

விட்டுப்போய்விட்டதோ என்று ஓரத்தில் மறுபடி கேள்விக்குறி போட்டுவிட்டு, அனுப்புவதற்கு முன் போனில் கேட்டேன். "அது அந்தக் குழந்தை சொல்றதும்மா. யாரு சொல்லிக் குடுத்தான்னு படிக்கிறவங்க யோசிக்கட்டும். அத நான் மாத்த மாட்டேன்" என்றார்.

ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தேன்.